கள்ள வெட்டு

அருமைநாயகம் கடதாசி விளையாட்டில் கள்ளம் செய்து பிடிபட்டார் என்றால் செட்டிபாளையத்தில் யார் நம்புவார்? எதிராளியின் கை சரிந்து கடதாசிச் சீட்டுத் தெரிந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுசன்.

ஆனால் நடந்தது. சோடியாகக் குந்தியிருந்த நல்லரத்தினமே கண்ணால் கண்டார்.

அன்றைக்கு முன்னூற்றிநாலுக் கடதாசிப் போட்டியின் கடைசிச் சுற்று. எதிரில் படுவான்கரைக் கோணாமலையும் அவன் மச்சானும். வருசா வருசம் கேடயத்தை வாவிக்கு அந்தப்பக்கம் கொண்டுபோகிறவர்கள். இந்த முறை விடுவதில்லை என்று நல்லரத்தினம் கண்ணகையம்மனுக்கு நேர்த்தியே வைத்திருந்தார்.

"மகளுக்கு முட்டு வருத்தம், மூச்செடுக்க ஏலாம கிடக்கிறாள். மருந்து வாங்க வந்தன், அப்படியே கேடயத்தையும் தூக்கிட்டுப் போறன்" என்று சொல்லித்தான் கோணாமலை மருந்துப் பையைக் கொட்டில் கம்பில் மாட்டிவிட்டுக் குந்தினான். நாக்கு நீளம் அவனுக்கு.

ஆளுக்கொரு ஆட்டம் வென்று, மூன்றாவது இழுபட்டது. வெயில் சாய்ந்ததும் தோணிக்காரன் வந்து நின்றான். காவல் நிற்கிற ஆமி துறையைப் பூட்டப்போகிறது, பிறகு விடியத்தான் திறக்கும் என்றான். மச்சான்காரன் முழங்கையால் இடித்தும் கோணாமலை அசையவில்லை. இவங்களை முடித்துவிட்டு வாறன், நில்லு என்று சொல்லிவிட்டான்.

நல்லரத்தினத்துக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அவசரப்படுகிறவன் பிழைவிடுவான். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் கேடயம் இங்கேதான்.

அப்போதுதான் கோணாமலை ஒரு ஆடுதனை, சிவப்பு இதயம் போட்ட கடதாசியை, இறக்கினான். அருமைநாயகம் துரும்பால் வெட்டினார். கையில் ஆடுதன் இல்லாதவன்தான் வெட்டலாம். இல்லையாக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ வெட்டி எடுத்த கையோடு அடுத்ததாக இறக்கினதே ஒரு ஆடுதன்.

கோணாமலை எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பொதுவாள் வேணும் என்று காத்தான்குடியிலிருந்து கூட்டிவந்த நடுவர் முகைதீன்பாவா கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். "கள்ள வெட்டு. ஆட்டம் முடிஞ்சுது" என்றார், மனமில்லாமல்.

கூடிநின்றவர்கள் காறித் துப்பாத குறை. தோற்ற சோடி காதில் பிலாவிலை செருகிக்கொண்டு வீடுமட்டும் நடக்கவேணும், அதுதான் அங்கத்தை வழக்கம். ஆளுக்கொரு இலையைச் செருகிவிட்டார்கள். நல்லரத்தினத்துக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

கோணாமலை கேடயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துறைக்கு ஓடினான். பின்னாலேயே அருமைநாயகமும் ஓடினார். மன்னிப்புக் கேட்கப்போறார் போல என்று சனம் சிரித்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்காமல் விடுவதில்லை என்று நல்லரத்தினமும் போனார்.

தோணி கரையை விட்டுவிட்டது. அருமைநாயகம் முழங்கால் தண்ணிக்குள் இறங்கி, கையிலிருந்ததைக் கோணாமலையிடம் எறிந்தார். அது மருந்துப் பை. கேடயம் கிடைத்த சந்தோசப் புளுகத்தில் மறந்துபோட்டு ஓடியிருக்கிறான் மனுசன்.

ஆமிக்காரன் முள்ளுக்கம்பியை இழுத்துத் துறையைப் பூட்டினான்.

நல்லரத்தினத்துக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கள்ள வெட்டு வெட்டுகிறவன் அந்த ஆடுதனைக் கடைசிமட்டும் ஒளித்தல்லவா வைப்பான்?

"பிடிபடத்தான் இறக்கினியா மச்சான்?"

"ஓம்."

"அதுக்கு ஏன் கள்ளனெண்டு பேரெடுக்கணும்? ஆட்டத்தை நிப்பாட்டிட்டுப் போடா எண்டு சொல்லியிருக்கலாமே."

"தோணிக்காரன் சொன்னானே, கேட்டவனா? நாம வெண்டிருந்தா இன்னொரு ஆட்டம் எண்டு நிண்டிருப்பான். ஆடித் தோக்கவும் நேரமில்ல. வெல்லாம எழும்புற ஆளில்ல அவன்." அருமைநாயகம் சாறனைப் பிழிந்தார். "அந்தப் புள்ள விடியுமட்டும் மூச்சுக்கு என்ன செய்யும்?"

தோணிக்காரன் கூப்பிட்டது நல்லரத்தினத்துக்கும் கேட்டதுதான். கேட்டுச் சந்தோசப்பட்டதும் அவர்தான்.

ஊருக்குள் ஏறும்போது அருமைநாயகம் சங்கடப்பட்டார். "நீ கள்ளம் செய்யல்ல மச்சான், உன்ர இலையைக் கழட்டிப்போடு."

"என்ரதைக் கழட்டமாட்டன் மச்சான்" என்றார் நல்லரத்தினம். "கழட்டவேண்டியது உன்ர காதில கிடக்கிறது."