ரெண்டு முழம் தள்ளி

“வா சிரில், நேத்தே வருவேன்னு பார்த்தேன்.” துப்பாக்கிப் பட்டறைக் கதவை அகலத் திறந்துவிட்டு மிலோஷ் ஒதுங்கி நின்றார். சிரில் உள்ளே வந்து, கம்பளியில் சுற்றியிருந்த துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

சிரிலின் மகன் யெர்னெய் காளான் பறிக்கப் போன இடத்தில் கரடி அடித்துச் செத்தான். அடக்கம் முடிந்து பதினொரு நாள் ஆகிறது. சிரில் அன்றும் அழவில்லை, இன்றுவரை அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறார், தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

அந்தக் கரடியைச் சுட அரசாங்கம் கொடுத்த அனுமதி நாளை, சனிக்கிழமை, இருட்டும்வரைதான். வேட்டைச் சங்கம் கூடிப் பேசி, குண்டு தகப்பனுடையது என்று முடிவு செய்திருந்தது. சங்கத் தலைவர் ஸ்தானே சோளக்கொல்லைப் பரணில் பக்கத்தில் உட்காருவார், ஆனால் கையில் துப்பாக்கி இருக்காது. இந்த ஊரில் துக்கப்பட்டவனுக்குச் செய்கிற மரியாதை அது.

மிலோஷ் கம்பளியைப் பிரித்தார். துப்பாக்கிக்கு வயது எண்பதுக்கு மேல், அதன்மேல் உட்கார்ந்திருக்கும், குறி பார்க்கிற ஸ்கோப்புக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். சங்கத்துப் பையன்கள் அதைப் பார்த்தாலே சிரிப்பார்கள். ஆனால் உள்ளே குறி காட்டும் மெல்லிய குறுக்குக் கம்பிக்குப் பதிலாக ஒரு தடித்த கூர்முனை நிற்கும். அந்தி மங்கலில் அவர்களுடைய கம்பியெல்லாம் காணாமல் போன பிறகும் இது கண்ணுக்குத் தெரியும்.

“முதல்ல இதைக் குடி.” மிலோஷ் பிளம் சாராயத்தை நீட்டினார். கோப்பையை வாங்கிய சிரிலின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன. துக்க வீட்டுக்கு விறகு வெட்டிக் கொடுக்கக்கூட ஓர் ஆள் இல்லையா என்று மிலோஷுக்கு ஊர்மேல் கோபம் வந்தது.

ஸ்கோப்பைத் தாங்கும் பின்காலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “அப்படியே இருக்குடா. செப்டம்பர்ல நான் கீறி வச்ச கோடு ஒரு மயிரிழை விலகலை. தைரியமாப் போ.”

“அதை விலக்கணும். குண்டு ஒரு முழம் வலப்பக்கம் போகணும்.”

மிலோஷ் சிரித்துவிட்டார். சிரில் சிரிக்காததைப் பார்த்ததும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

“ஒரு முழம் தள்ளினா வயித்துல படும். காட்டுக்குள்ள நாலு நாள் துடிச்சுச் சாகட்டும்னு பாக்குற, அதானே? உன் வேதனை எனக்குப் புரியுது சிரில். ஆனா அந்தப் பாவத்துக்கு என்னைக் கூப்பிடாதே. ஒரே குண்டுல முடிச்சிடு.”

“வயித்துல படுமா?” சிரில் கொஞ்சம் யோசித்தார். “அப்போ ரெண்டு முழம் வை.”

“ரெண்டு முழம்னா கரடிமேலயே படாதுடா!”

“ஆமா.”

மிலோஷ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “சுட இஷ்டமில்லேன்னா ஸ்தானேகிட்டச் சொல்லிடு. யாரு உன்னைக் கட்டாயப்படுத்துறா?”

“நான் மாட்டேன்னா அவன் சுடுவான்.”

“சரி, நீயே தள்ளிச் சுட்டுட்டு வா. எதுக்கு ஸ்கோப்பைக் கெடுக்கணும்?”

“கரடின்னு ஒன்னு முன்னாடி வந்து நின்னா என் கை என் பேச்சைக் கேக்காது, தானாக் குறி பார்த்துச் சுட்டுடும்.” கொட்டாவி விடுகிறவர் போல அதைச் சொன்னார். “இந்தத் திருகுக்கு ரெண்டு முள் வச்ச சாவி வேணும். அது உன்கிட்டதான் இருக்கு. இல்லேன்னா உன்னைத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்.”

“நீ குறி தப்பிட்டேன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். என் வேலைமேலதான் காறித் துப்புவானுங்க.”

“பழைய ஸ்கோப், ஆடிப்போச்சுன்னு சொல்லு. இருபது வருஷமா எல்லாரும் அதைத்தானே சொல்றானுங்க.”

மிலோஷ் சாவியை எடுத்தார். திருகின்மேல் பொருத்தக்கூடச் செய்தார். பிறகு யெர்னெய் நினைவுக்கு வந்தான். இதே மேசைக்கு அடியில் தோட்டாக் கூடுகளை வரிசையாக அடுக்கி விளையாடிய பயல். கண் கலங்கியது, கோபமும் வந்தது.

“முடியாது.” சாவியை மேசைமேல் எறிந்தார். “நல்லாக் கேட்டுக்கோ. ரெண்டு குட்டியைக் கூட்டிக்கிட்டு அது தினமும் சோளத்துக்கு வருதாம். ஸ்தானே கண்ணால பார்த்திருக்கான். உன் ரத்தம் உறைஞ்சு போச்சு, உனக்கு ஒன்னும் உறைக்கலை. நான் அப்படி இல்லை. உன் பையனைக் கிழிச்சது உயிரோட திரியறதுக்கு நான் திருகு திருப்ப மாட்டேன்.”

சிரில் சாராயத்தைக் குடித்து முடித்தார். கோப்பையை மெல்ல மேசையில் வைத்தார். சாவியை எடுத்து மறுபடி மிலோஷின் கையில் கொடுத்தார்.

“சோளத்துக்கு வர்றது வேற கரடி. என் பையனைக் கிழிச்சது திரியலை, மிலோஷ். அடக்கத்துக்கு மறுநாளே, அனுமதி வர்றதுக்கு முன்னாடியே, சுட்டுப் புதைச்சுட்டேன்.”