சிவப்புக் கோடு

திரைச்சீலைகளை இழுத்துவிட்டதும் வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டின் நீல வெளிச்சம் மட்டுமே மிஞ்சுகிறது. அதன் கீழே, அட்டையில் செய்த அணை ஒன்று, தண்ணீர் நிறைந்ததும் மோட்டார் முனக, தானே கதவைத் திறந்துவிடுகிறது, வடிந்ததும் மூடிக்கொள்கிறது. அதைச் செய்தவள் ஓரமாக நிற்கிறாள். அதிகம் பேசமாட்டாள், அதனால் வகுப்பில் அவளுக்கு ஊமை என்று பெயர். சூடான பசை பட்டுக் கொப்புளித்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கிறாள். அணையைப் பற்றிப் பேசிக் கைதட்டல் வாங்கிய குழுத் தலைவியின் முகத்தில் இன்னும் சிரிப்பு வடியவில்லை. "இப்போ விமர்சன சிந்தனை," என்கிறார் டீச்சர், குரலில் தேன் சொட்ட. "உங்க குழுவில யாரு ஒரு வேலையும் செய்யல? டேப்லெட்ல ஓட்டுப் போடுங்க. யாரு போட்டாங்கன்னு தெரியாது, பயப்படாதீங்க." போர்டில் ஊமையின் பெயருக்கு நேரே மட்டும் ஒரு சிவப்புக் கோடு நீள்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "இன்னும் ஒருத்தர் பாக்கி. அஞ்சு பேரும் போட்டாத்தான் அடுத்த குழுவுக்குப் போக முடியும்," என்று டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைவி ஊமையின் காதருகே குனிகிறாள். "உன்னால எல்லாருக்கும் லேட்டாகுதுடி. போட்டுத் தொலையேன்." கொப்புள விரல் விரிந்து டேப்லெட்டைத் தொடுகிறது. சிவப்புக் கோடு போர்டின் விளிம்பில் போய் முட்டுகிறது. "பாத்தீங்களா, ஒருமனதா சொல்லிட்டீங்க!" டீச்சர் பூரித்துப்போய்க் கைதட்டுகிறார். வகுப்பே தட்டுகிறது. அவளும் தட்டுகிறாள், தட்டுகிற வேகத்தில் கொப்புளம் உடைகிறது.