நூற்றிருபது விநாடி

"வயிறு நோகுதோ, அப்பா?" என்றான் மகன் மிதுஷன்.

தம்பித்துரை தலையை ஆட்டினார். இல்லை. "வ..." என்றார் மறுபடியும்.

"வெளியில போகவோ? வாழைப்பழமோ?"

பக்கவாதம் வந்து நான்கு மாதம். வலக்கை எழாது. சொல் உதடு வரை வந்து நின்றுவிடும்.

"சொல்லை எடுத்துக் குடுக்காதேங்கோ," என்றாள் மருமகள் கஜந்தி. "பேச்சுப் பயிற்சிக்கு வாற யூலியா என்ன சொன்னவ? கேட்டுப்போட்டு இருபது வரைக்கும் எண்ணச் சொன்னவ எல்லே?"

"எண்ண எனக்கு நேரமில்லை. வேலையில என்ர ப்ரோபெட்சைட், சோதனைக்காலம், இண்டையோட முடியுது."

மேசையில் திரையில்லாத ஒரு சிறு பெட்டி. ஆலை ஒன்றுக்குப் போகவேண்டியது. தொடங்கிய சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது. ஏனென்று ஐந்து மணிக்குள் சொன்னால்தான் மிதுஷனுக்கு வேலை நிரந்தரம்.

"பெட்டி நிண்டு சாகேக்கை கடைசியா என்ன சொல்லுதெண்டு தெரிய வேணும். நெட்வேர்க்காலதான் என்ர லாப்டொப்புக்குச் சொல்லும். எழும்பின கையோட நெட்வேர்க்கில அதுக்கொரு முகவரி கிடைச்சால் சரி. அதைத் தேடுற ப்ரோகிராமைக் காலமை எழுதிப் போட்டன். கிடைக்குதேயில்லை."

பெட்டியைப் போட்டான். பச்சை விளக்கு. அரை நிமிடம். மடிக்கணினியில் ஒரு வரியும் இல்லை. நிறுத்தினான்.

"முகவரியை எவ்வளவு நேரம் தேடும்?" என்றாள் கஜந்தி.

"நூற்றிருபது செக்கன். ஆனா வாறதெண்டால் மூண்டு செக்கனிலை வந்திடும்."

"வ..."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்கோ!"

தம்பித்துரையின் கண் நிறைந்தது.

பதினோராவது முறை பெட்டியைப் போட்டபோது கைபேசி அடித்தது; மேலதிகாரி. "ஷெஃப்," என்று முணுமுணுத்தபடி மிதுஷன் பல்கனிக்குப் போனான். பெட்டியை நிறுத்த மறந்துவிட்டான்.

கஜந்தி சக்கர நாற்காலியின் முன் குந்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் எண்ணினாள்.

பதினெட்டில் அவர் வாய் திறந்தது.

மிதுஷன் திரும்பி வந்தான். "அஞ்சு மணிக்கு நேர வரட்டாம். நான் என்னத்தைச் சொல்ல..."

நின்றான். மடிக்கணினியில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"முகவரி கிடைச்சிட்டுது! கஜந்தி, என்ன செய்தனீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. மாமா சொன்னவர், நான் கொழுவினன்."

"என்ன சொன்னவர்?"

"வயர்." அவள் நாற்காலியின் பின்சக்கரத்தைக் காட்டினாள். "பெட்டியின்ர நெட்வேர்க் வயர் சுவரிலையிருந்து கழண்டு இதுக்குக் கீழை கிடந்தது. காலமை அவரை இங்கை தள்ளிக்கொண்டு வந்து விட்டது ஆர்?"