நனைந்த பிளக்

விடிகாலைப் பனியில், தாயில்பட்டி எழிலின் பைக் அன்றைக்கும் கிளம்பவில்லை. உதைத்து உதைத்து அவனுக்குக் கால் ஓய்ந்துபோனது.

"பனி எறங்கி பிளக் நனைஞ்சிருக்குப்பா. இன்னையோட மூணு நாளு."

"ஒன் மாமனார் வாங்கித் தந்த வண்டிதானலே, வேற எப்படி இருக்கும்?" என்றார் அப்பா ஊர்க்காவலன். மருமகள் சினேகா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மணி தாண்டுனா பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்க விடமாட்டாக. பெட்டி ஒட்டத்தான் அனுப்புவாக."

"பெட்டி ஒட்டுனா கை தேஞ்சிருமோ?"

"கூலி பாதிதானப்பா."

பிளக்கைத் துடைத்துக் காயவைத்து அவன் புறப்பட்டபோது மணி ஏழு.

ஊர்க்காவலன் மூத்த மகனை மருந்து கலக்கும் அறையில் பறிகொடுத்தவர். முந்தின இரண்டு நாளும் பிளக்கில் தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். இன்றைக்கு அசந்து தூங்கிவிட்டார். பனி பிளக்கை நனைக்கும் என்று அவர் நம்பத் தயாராக இல்லை. மருமகளை முறைத்தார்.

"யாரு தாயி நனைச்சது?"

சினேகா தலைகுனிந்தாள்.

"நீங்க எந்திரிக்கல மாமா. அதான் நானே ஊத்திட்டேன்."