தொட்டி நிழல் ஏலம்

கையிருப்பு கரைந்த பேரூராட்சி, சந்தையையும் புளியமரங்களையும் குத்தகைக்கு விட்ட பிறகு, தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நிழலில்தான் பேச்சியக்கா கத்தரிக்காய் விற்றாள். வேறு யாராவது எடுத்துவிட்டால் அவள் வெயிலில் காய வேண்டியதுதான். பாத்திரக்கடை மாசானம் ஏற்றிக் கேட்கக் கேட்க, அவளும் விடவில்லை. கூட்டம் விசிலடித்தது. காதுத் தோட்டைக் கழற்றித் தலைவரின் மேசையில் வைத்தாள்.

"இதையும் சேத்துக்கோங்க!"

"நிழலுக்குத் தோடா? எக்கா, உனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு" என்று மாசானம் ஒதுங்கினான். தலைவர் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

உச்சிவேளையில் நிழல் தொட்டிக்கடியில் ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கியபோது ஊரே சிரித்தது. பேச்சியக்கா காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெயில் சாயச் சாய நிழல் நீண்டது. சாலையைத் தாண்டியது. மாசானத்தின் கடைக்குள் நுழைந்தது. கூடவே நுழைந்த பேச்சியக்கா கையை நீட்டினாள்.

"என் நிழல்ல நிக்கே. அஞ்சு ரூவா எடு."

கொடுத்த மாசானத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எக்கா, நில்லு, நானும் வாரேன்!" என்று பின்னாலேயே ஓடினான். ஊரும் ஓடியது. நிழல் பேரூராட்சி அலுவலகப் படியேறி, வாசல் கடந்து, தலைவரின் மேசையை நோக்கி ஊர்ந்தது.

தலைவர் மெதுவாக இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்.