சிவப்பு நூல் வரை

கார்க் கதவு திறந்திருக்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குகிறார்கள். விடுமுறைக்கு எங்கே கூட்டிப்போவது என்று பார்க்க வந்ததில் இது மூன்றாவது கடற்கரை. மற்ற இரண்டிலும் கால் வைத்ததுமே ஆழம். தையல்காரி கரையில் நின்று, கணவன் கடலுக்குள் நடப்பதைப் பார்க்கிறாள். அவனுடைய பழைய பேண்டில், முழங்காலுக்குச் சற்று மேலே, சின்னவளின் மார்பு உயரத்துக்கு ஒரு சிவப்பு நூல் ஓட்டியிருக்கிறாள். சாக்பீஸ் கோடு என்றால் முதல் அலையிலேயே கரைந்துவிடும். காலை வெளிச்சம் பாலாகப் படர்ந்திருக்கிறது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூங்கும் பிள்ளைகளுக்குப் பயந்தவை போல அலைகள் மெல்ல வந்து மடிகின்றன. அவன் போய்க்கொண்டே இருக்கிறான். கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்த பிறகு திரும்பிக் கையை ஆட்டுகிறான். முழங்காலுக்கு மேல் ஆள் முழுசாகத் தெரிகிறான்; நூல் இன்னும் நனைந்திருக்காது. அவளுக்கு மனசு குளிர்ந்துபோகிறது. "போதும், வந்துடுங்க!" என்று கத்துகிறாள். அவன் மறுபடி அந்தப் பக்கம் திரும்பி நடக்கிறான். தொண்டை வலிக்க இன்னொரு முறை கத்துகிறாள். சின்னவள்தான் தூக்கத்தில் புரண்டு படுக்கிறாள்.

வெகு நேரம் கழித்து, முகமெல்லாம் பல்லாக அவன் கரையேறுகிறான்.

"இதாம்மா நம்ம கடல்! எவ்வளவு தூரம் போனாலும் முழங்கால் தண்ணிதான். பிள்ளைங்க இஷ்டத்துக்கு ஓடலாம்."

"நான் கூப்பிட்டேனே?"

"எப்போ?"

அவள் குனிந்து நூலைத் தொட்டுப் பார்க்கிறாள். பொட்டு ஈரம் இல்லை.

"வேற கடல் பாப்போங்க," என்று கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறாள்.