கதைக்கு முன் ஒரு வரி

"அந்த வரியை எடுத்துடுங்க மேடம்" என்றாள் ஜெயகுமாரி போனில்.

டெபோராவுக்குப் புரியவில்லை. "எந்த வரிம்மா?"

"அவரு வாசிச்ச கதைங்களுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு சேத்திருக்கீங்களே, அது. வேணாம்."

"ஏன்? சாம்ராஜுக்கு நாங்க செலுத்தற அஞ்சலி அது."

"வேணாம் மேடம். இன்னிக்கே எடுத்துடுங்க."

யாருக்கோ பயந்தவள் மாதிரி தணிந்த குரலில் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டாள்.

டெபோராவும் இன்னும் சிலரும் திருப்பதியில் சேர்ந்து செய்கிற வேலை அது. பதிப்புரிமைக் காலம் முடிந்து எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பழைய சிறுகதைகளை வாசித்து, பதிவு செய்து, இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

அதில் சாம்ராஜின் குரலுக்குத்தான் ரசிகர்கள் அதிகம். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். வீடு கார்வேட்டிநகரம். வேலை முடிந்ததும் டெபோரா வீட்டுக்கு வந்து ஒரு கதை வாசித்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பான். அப்படிக் கிளம்பிப் போன ஒரு சாயங்காலம், புத்தூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான்.

அவன் வாசித்த எல்லாக் கதைகளின் தொடக்கத்திலும் டெபோராவே தன் குரலில் பேசிச் சேர்த்தாள்: 'இந்தக் கதையை வாசித்த சகோதரர் சாம்ராஜ் இன்று நம்மோடு இல்லை. அவர் குரல் என்றும் நம்மோடு இருக்கும்.'

அதைத்தான் எடுக்கச் சொல்கிறாள், அவன் மனைவி.

"ஏமோ, அக்கா, எனக்கென்னவோ சரியாப் படல" என்றான், ஒலிப்பதிவுகளைச் சரிபார்க்கும் ஹரிபாபு. "போன வாரம் கார்வேட்டிநகரம் போயிருந்தப்ப கடைத்தெருவுல அந்தம்மாவப் பாத்தேன். தலை நெறைய மல்லி. கை நெறைய கண்ணாடி வளையல். அவரு போயி மூணு மாசம்கூட ஆவல."

"பூவும் வளையலும் அவ இஷ்டம், ஹரி. அதைக் கேக்க நாம யாரு? ஆனா செத்துப்போனவனுக்கு ஒரு வரிகூடவா இருக்கக் கூடாது?"

டெபோரா வரியை எடுக்கவில்லை. ஜெயகுமாரி மறுபடி மறுபடி கூப்பிட்டாள். காரணம் கேட்டால் மட்டும் சொல்லவில்லை.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு டெபோரா கார்வேட்டிநகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் அவளைப் பார்த்ததும் ஜெயகுமாரியின் முகம் வெளுத்துப்போனது. உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டெபோராவின் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். வளையல்கள் குலுங்கின.

"மாமாவுக்குத் தெரியாது மேடம்" என்றாள்.

"என்ன தெரியாது?"

"அவரு போயிட்டது." உள்ளே கேட்டுவிடாதபடி குரலை இன்னும் தாழ்த்தினாள். "மாமாவுக்குக் கண்ணு போயி நாலஞ்சு வருஷம் ஆச்சி. ஆக்ஸிடெண்ட் ஆன அன்னிக்கு மாமா அட்டாக் வந்து ஆஸ்பத்திரில கெடந்தாரு. அதிர்ச்சி தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கறது ஒரே புள்ள. எப்படிச் சொல்லுவேன்? திடீர்னு விசா வந்து குவைத்துக்குப் போயிட்டாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். சர்ச் ஆளுங்க, பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லார் கால்லயும் விழுந்து கேட்டுக்கினேன்."

டெபோரா அவள் கையையே பார்த்தாள்.

"பூ வாசனை வரலைன்னா, வளையல் சத்தம் கேக்கலைன்னா, ஏன்னு கேப்பாரு மேடம். அழணும்னா தண்ணிக் குழாயத் தொறந்து வுட்டுக்கினு பாத்ரூம்ல அழுவேன்."

"மகன்கிட்ட பேசணும்னு அவர் கேக்கலையா?"

"மொதல்ல தெனமும் கேட்டாரு. லைன் கெடைக்கலன்னு சொல்லிக்கினே வந்தேன். கொஞ்ச நாளா கேக்கறதில்ல. மகன் வாசிச்ச கதைங்களத்தான் போன்ல போட்டுக் கேட்டுக்கினு இருந்தாரு. நல்ல வேள, நீங்க சேத்தத நான் மொதல்ல கேட்டுட்டேன். போன் ரிப்பேருன்னு சொல்லி ஒளிச்சி வெச்சிருக்கேன்."

டெபோரா அங்கேயே ஹரிபாபுவுக்குப் போன் செய்தாள். "எல்லாக் கதையிலயும் அந்த வரிய எடுத்துடு. இப்பவே."

பிறகு ஜெயகுமாரி அவளை உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் சாம்ராஜின் அப்பா, பெரியவர் ஏசுரத்தினம்.

"மாமா, திருப்பதிலருந்து வந்திருக்காங்க. அவரோட சேந்து கதை வாசிக்கறவங்க."

"ஸ்தோத்திரம்ங்கய்யா" என்றாள் டெபோரா. "எப்படி இருக்கீங்க?"

பெரியவரின் முகம் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது.

"ஸ்தோத்திரம்மா" என்றார். "எனக்கின்னா, நல்லா கீறேன். என் புள்ளதான் குவைத்ல வெயில்ல கஷ்டப்படறான். ஜெயா, அவங்களுக்குக் காபி போட்டுக் கொண்டாம்மா."

ஜெயகுமாரி சமையலறைக்குள் போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்கும் வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு காற்றில் துழாவி டெபோராவின் கையைப் பிடித்தார்.

"நீ வாயத் தொறந்ததுமே தெரிஞ்சிபோச்சிம்மா" என்றார் ரகசியமாக. "கதைக்கு முன்னாடி பேசனது நீதானே? போன் ரிப்பேருன்னு ஜெயா சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுட்டேன்."

"ஐயா... நீங்க..."

"அத எடுத்துடு தாயி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினுதான் அந்தப் பொண்ணு இன்னும் எழுந்து நடமாடிக்கினு கீது."